ஒட்டகத்துக்குத் தாய்மாமன்

எண்பதுகளின் பிற்பாதி. திருச்செங்கோட்டில் டி.வி. படம் ஓரளவு தெளிவாகத் தெரியத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. நான் அப்போது ஒரு நாளிதழுக்கு உள்ளூர் நிருபராக இருந்தேன். எங்கள் தெருவில் முதலில் டி.வி. வாங்கியது நாங்கள்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. மாடியில் அன்டெனாவைத் திருப்ப ஒருவர் வேண்டும், கீழே நின்று "போதும், போதும்" என்று கத்த இன்னொருவர் வேண்டும். ஞாயிறு காலையில் எங்கள் முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது. அத்தனை பேரும் வந்தது ஒரு கார்ட்டூன் தொடருக்காக.

வடக்கே ஏதோ ஒரு பாலைவனத்தில் நடக்கும் கதை அது. ஓர் ஒட்டகக் குட்டி, அதன் முதுகில் உட்கார்ந்து ஓயாமல் பேசும் ஒரு கிளி, கையில் கயிறும் தோளில் பையுமாக வாராவாரம் இரண்டையும் துரத்தும் ஒரு மீசைக்காரன். எல்லாரும் இந்தியில் பேசினார்கள். தெருவில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்.

அவரைத் தெருவில் 'ரிக்கு அக்கா' என்பார்கள். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். கொஞ்ச காலம் இந்த அக்காவும் கூடவே மத்தியப் பிரதேசத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். வண்டி அடிக்கடி இடம் மாறியதால் கணவர் இவரை இங்கே வீடு பிடித்துக் குடிவைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் பகுதியில் ரிக்குக்குப் போன ஆண்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இந்த அக்காவுக்கு இது சொந்த ஊர் இல்லை. தெருப் பெண்கள் குழாயடியில் பார்த்தால் சிரிப்பார்கள், அதோடு சரி. ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் கழிந்திருக்கிறது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அதை மாற்றியது ஒட்டகக் குட்டிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர் வீட்டுத் தறிக்காரரின் மகள், எட்டு வயதிருக்கும், பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க்கா, உங்களுக்கு இந்தி தெரியுமாமா. இந்த மீசைக்காரரு எதுக்குத் தொரத்தறாரு?" என்று கேட்டாள். எல்லாத் தலைகளும் அக்காவின் பக்கம் திரும்பின. அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவரு ஒட்டகத்துக்குத் தாய்மாமன் கண்ணு. காது குத்தோணும்னு தேடிக்கிட்டு வாராரு. இது பயந்துக்கிட்டு ஓடுது."

அறையே சிரித்தது. மீசைக்காரர் ஏன் துரத்துகிறார் என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதும், அன்றைக்கு அழுது ஊரைக் கூட்டுவதும் அங்கிருந்த எல்லாருக்கும் நடந்தவை. பிள்ளைகள் கேட்கக் கேட்க அக்கா சொன்னார். அந்தப் பையில் என்ன இருக்கிறது? மாமன் சீர், புதுத் துணியும் வெள்ளிக் கொலுசும். நாலு காலுக்கும் சேர்த்தா? ஆமாம், அதனால்தான் மாமனுக்கு இத்தனை கடன். கிளி என்ன சொல்கிறது? கிளிக்குப் பந்தியில் இலை போடவில்லை, அந்தக் கோபத்தில் மாமனைப் பற்றி ஒட்டகத்திடம் கோள் மூட்டுகிறது. வாராவாரம் அக்கா சொல்லச் சொல்ல, மாமன் முள்ளில் விழுந்தால் அறை முழுக்க 'அச்சோ' என்றது.

ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அக்கா தெருவுக்கே சொந்தமாகிவிட்டார். வளைகாப்புக்கு முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். குழாயடியில் அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அதே தொடரை முழுநீளப் படமாக எடுத்து, தமிழில் பேசவைத்து, எங்கள் ஊர்த் தியேட்டரில் போடப் போவதாகச் சேதி வந்தது. சுவரில் போஸ்டரைப் பார்த்ததும் நான் நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"தமிழ்லயாங்ணா?"

"ஆமாங்க. தெருவே கிளம்புது. உங்களைத்தான் முன்னால கூட்டிட்டுப் போவாங்களாம்."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எனக்குத் தெரிஞ்ச இந்தி டீசலு வாங்க, தண்ணி கேக்க, காய்க்காரன்கிட்டச் சண்டை போட, அவ்வளவுதானுங்ணா. அதுக பேசறது எனக்கு ஒண்ணும் வெளங்காது. அன்னைக்கு எல்லாரும் என்ற மொகத்தைப் பாத்தாங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலீங்க."

இனி என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. குழாயடியில் மறுபடி தனியாக நிற்பதைப் பற்றித்தான் நினைத்திருப்பார் என்பது எனக்குப் புரிந்தது. படத்துக்குப் போகும் நாள்வரை, தியேட்டரில் மூட்டைப்பூச்சி என்றும், விசிறி ஓடாது என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். தெரு கேட்கவில்லை. மேட்னிக்கு எல்லாருமாகப் போய் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நடுவில் அக்கா. என்னைப் பத்திரிகையிலிருந்து ரசிகர்களின் கருத்தைக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள்.

படம் தொடங்கியது. முதல் காட்சியிலேயே ஒரு கனத்த தமிழ்க் குரல் மீசைக்காரனைப் பற்றி, ஈவிரக்கமில்லாதவன், ஒட்டகங்களைப் பிடித்துச் சர்க்கஸ்காரர்களுக்கு விற்பவன் என்றது. எங்கள் வரிசை திரும்பி அக்காவைப் பார்த்தது. தறிக்காரர் மகள் மட்டும், "பொய் சொல்றாங்க" என்றாள்.

மீசைக்காரன் குட்டியின் கழுத்தில் கயிற்றை வீசியபோது தியேட்டர் பதறியது. எங்கள் வரிசைப் பிள்ளைகள் பழக்கத்தில் கை தட்டிவிட்டார்கள். முன் வரிசைகளிலிருந்து தலைகள் திரும்பின. "டேய், வில்லனுக்குக் கை தட்டறாங்கடா" என்று ஒருவன் சொல்ல, "உனக்குத்தான் மாமன் இல்லை, எங்களுக்கு இருக்கறாங்க" என்று இங்கிருந்து பதில் போனது. இடைவேளைக்குச் சற்று முன்னால் பை திறந்தது. உள்ளே இருந்து ஓர் இரும்புச் சங்கிலி வெளியே வந்தது. தறிக்காரர் குனிந்து அக்காவிடம், "அம்மிணி, சீரு கொஞ்சம் கனமாத்தான் இருக்குது" என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் மீசைக்காரன் புதைமணலில் இறங்கினான். தொப்பி மட்டும் மேலே மிதந்தது. தியேட்டர் முழுக்க விசில். எங்கள் வரிசையில் கடைக்குட்டி ஒன்று, "மாமா போயிட்டாரு" என்று ஓங்கி அழுதது. விசில் அடங்கிய இடைவெளியில் தறிக்காரர் மகளின் குரல் தெளிவாகக் கேட்டது: "அப்ப ஒட்டகத்துக்குக் காது ஆருங்க குத்துவாங்க?"

தியேட்டரில் பாதி திரும்பிப் பார்த்தது.

வாசலில் நான் கருத்துக் கேட்டேன். ஊர்க்காரர்கள் நல்ல படம், குழந்தைகளைக் கூட்டி வரலாம் என்றார்கள். எங்கள் தெரு ஆட்கள், மாமனை அநியாயமாகக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். இரண்டையும் அனுப்பினேன். படத்தில் மாமன் என்று யாருமே இல்லையே என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது தனிக்கதை.

வீட்டுக்கு நடக்கையில் அக்கா எல்லாருக்கும் பின்னால் வந்தார். தறிக்காரர் மகள் நடுத்தெருவில் நின்று தீர்ப்புச் சொன்னாள். "இந்தப் படத்தைத் தமிழ்ல மாத்துனவங்களுக்கு இந்தியே தெரியலை. எல்லாத்தையும் தப்பா மாத்திப்போட்டாங்க."

பெரியவர்களும் தலையாட்டினார்கள். அப்படித்தான் இருக்கும், அவசரத்தில் பேசியிருப்பார்கள் என்றார் ஒருவர். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து பிள்ளைக்கு எதிரே நின்றார்.

"இல்லை சாமி. அவங்க சொன்னதுதான் சரி. எனக்கு அந்த அளவுக்கு இந்தி வராது. மாமன், சீரு எல்லாம் நானாச் சொன்னது."

ஒரு லாரி எங்களைக் கடந்து போனது. அந்தப் பிள்ளை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அத்தனையும் நீங்களாங்க்கா சொன்னீங்க? கிளிக்கு எலை போடாததும்?"

"ஆமா கண்ணு."

"அப்ப அவங்களுக்குக் கதையே சொல்லத் தெரியலை" என்றாள். அதோடு நடக்கத் தொடங்கிவிட்டாள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் மனதில் என்ன ஓடுகிறது என்று அன்று கணிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு டி.வி.யைப் போடும்போது, பாதி அறை காலியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். வழக்கமானவர்கள் எல்லாரும் வந்தார்கள். தியேட்டரில் எங்களோடு மல்லுக்கு நின்ற முன்வரிசைப் பையன்கள் சிலரும் வந்து வாசல் பக்கம் ஒட்டி நின்றார்கள். அக்கா வரவில்லை. தறிக்காரரின் மனைவி எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அக்கா எல்லாருக்கும் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. திரையில் கிளி இந்தியில் கத்தியது, மீசைக்காரன் இந்தியில் கத்தினான், எங்கள் அறை ஊமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தறிக்காரர் எழுந்தார். டி.வி. பக்கத்தில் போய்ச் சத்தத்துக்கான திருகை ஒரே திருப்பாகத் திருப்பி, சுத்தமாக நிறுத்தினார். பிறகு திரும்பி, "சொல்லு அம்மிணி, மாமன் எங்க போறாரு?" என்றார்.

அக்கா சுவரோரத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "சந்தைக்குப் போறாருங்க. தொப்பி போயிருச்சில்ல, புதுசு வாங்கோணும்" என்றார்.

எழுதிய செய்தியில் ஒரு சொல் பிசகினாலும் மறுநாள் திருத்தம் போடவேண்டும் என்று பழகியவன் நான். இன்றும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் யாருக்காவது எதையாவது திருத்தப் போகும்போதெல்லாம், சத்தம் நின்ற அந்த அறையில் அத்தனை பேரும் முன்னைவிட நெருக்கி உட்கார்ந்தது நினைவுக்கு வந்து, ஒரு கணம் பொறுத்துக்கொள்கிறேன்.