நான் பிடுங்கிய ஹெட்செட்

1. இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் கச்சிராயபாளையம் மலைச்சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள்.
2. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு பேர் வேலையை நானும், நான் பயிற்சி கொடுத்த செல்வியும் பார்த்தோம்.
3. வெள்ளிமலையிலிருந்து பிரசவ வலி என்று அழைப்பு வந்தது.

"ஜீப்புல ஏத்திக்கினு கீழ வாங்க. மரத்துக்கு இந்தாண்ட ஆம்புலன்ஸ் நிக்கும், தூக்கி மாத்திக்கலாம்," என்றாள் செல்வி.

ஹெட்செட்டைப் பிடுங்கினேன். "இருக்கிற எடத்துலயே இருங்க. வண்டி வரும்," என்றேன். கட்டுப்பாட்டு அறையின் விதி அதுதான்.

"வண்டி எப்டிக்கா மரத்தத் தாண்டும்?"

"இன்னாடி, எனக்கே சொல்லித் தர்றியா? வாய மூடு."

வண்டி மரத்தருகே நின்றுவிட்டது. காத்திருந்து சலித்தவர்கள் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது குழந்தை இறந்திருந்தது; தாய் பிழைத்தாள்.

அழைப்பு செல்வியின் பெயரில் பதிவாகியிருந்தது. ஒலிப்பதிவைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. அவளை நீக்கினார்கள். அவள் என்னையே பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

புதியவர்களுக்கு இன்றும் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன்.