எம்பிராய்டரி மெஷினும் என் பழைய பத்தியும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு எலுமிச்சம்பழத்தால் எனக்கு பஸ் தப்பிவிட்டது.

வேலை முடிந்து, இங்கே பலெர்மோவில் பொலித்தியாமாச் சதுக்கப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். தையல் மெஷின் விற்கும் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின் தன்பாட்டில் தைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. காலால் மிதிக்க ஒருவரும் இல்லை, துணியைத் தள்ள ஒருவரும் இல்லை. வெள்ளைத் துணியில் மஞ்சள் நூல் இப்படியும் அப்படியும் ஓடி... பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு எலுமிச்சம்பழம் திரண்டு வந்தது. இலையையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நின்றேன். இலை வந்தது. பஸ் போய்விட்டது.

சரி, போன பஸ் போகட்டும் என்று கடைக்குள்ளே போனேன். வீட்டில் வைத்துத் தைக்கிற எம்பிராய்டரி மெஷினாம். சாப்பாட்டு மேசையே போதுமாம். டிசைனை யூஎஸ்பியில் போட்டுச் செருகினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றார் கடைக்காரப் பெண்.

மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்! இருபது வருஷமாக அடுத்தவர் வீடுகளில் மிச்சத்தை எல்லாம் நானே பார்த்துக்கொண்டு வருகிறேன். என்னை விழுத்த இந்த ஒரு வசனம் போதாதா?

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பாண் சுடுகிற மெஷினை ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அதை வாங்கி, இரண்டே முறை பாண் சுட்டுவிட்டு அங்கே தள்ளியது நான்தான்.

ஆனால் எனக்குத் தயக்கம் பாண் மெஷினால் வரவில்லை. மச்சாளால் வந்தது.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. போர்கோ வெக்கியோவில் இருக்கிறார். காலையில் இரண்டு வீடுகளில் வேலை, பின்னேரத்தில் பிளவுஸ் தையல். பலெர்மோவில் நம்மவர் கலியாணம் எதிலாவது கழுத்திலும் கையிலும் பூவேலையும் கல்லுமாக ஒரு பிளவுஸைக் கண்டீர்கள் என்றால், அநேகமாக அது மச்சாள் தைத்ததாகத்தான் இருக்கும். போன வருஷம் இதே பத்தியில் அவரைப் பற்றி எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ‘மச்சாளின் பத்து விரலிலும் பூப் பூக்கும்... ஊசியையும் நூலையும் தவிர வேறொன்றும் அறியாத கை’ என்று. நல்ல வசனம் என்று எனக்கே ஒரு பெருமை. அதை வாசித்துவிட்டு எத்தனை பேர் எனக்குப் போன் எடுத்து மச்சாளின் நம்பர் கேட்டீர்கள்!

இப்போது அந்தக் கைக்குப் போட்டியாக நானே ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தால்? மச்சாள் கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி கொடுத்தனுப்புவதை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். அந்த மௌனத்தை ஒருமுறை இரண்டு மாதம் அனுபவித்திருக்கிறேன்.

வாங்க முதல் சும்மா விசாரித்துப் பார்ப்போம் என்று வியாழக்கிழமை பல்லரோவில் உள்ள தமிழ்க் கடையில், எம்பிராய்டரி நூல் எடுப்பிக்கலாமா என்று கேட்டேன். ஒரே ஒரு கேள்விதான். மெஷின் வாங்கப் போகிறீரோ என்று கடைக்கார அக்கா கேட்டார். இல்லை, சும்மா என்றேன். நம்மவரிடம் இப்படிச் சொல்லித் தப்பியவர் யாராவது உண்டா? அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகம் ஒன்றில் சமைக்கிற தம்பி ஒருவர் போன் எடுத்தார். மகளின் முதலாவது பிறந்தநாள், சட்டையில் பெயர் தைக்க வேண்டுமாம். பின்னாலேயே இன்னொரு போன்.

மெஷின் இல்லை, நூல் இல்லை. ஆர்டர் மட்டும் இரண்டு வந்துவிட்டது.

இனி வேறு யாரும் சொல்ல முதல் நானே மச்சாளிடம் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் போர்கோ வெக்கியோச் சந்தையில் ஒரு பை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போய் மணியை அடித்தேன். உள்ளே டிவி ஊருக்கே கேட்கிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மச்சாள் மூச்சு வாங்க வந்து திறந்தார். விரல்களில் நாலைந்து இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். நான் கத்தரிக்காயைப் பற்றிக் கதைத்தேன், வெயிலைப் பற்றிக் கதைத்தேன், கடைசியில் விஷயத்துக்கு வந்தேன்.

“மச்சாள், ஒரு எம்பிராய்டரி மிசின் வாங்கலாமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டால் வாங்க மாட்டன்.”

மச்சாள் எழுந்து போய் டிவியை நிறுத்தினார். பிறகு, “இஞ்சை வாரும்” என்று படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் பெட்ஷீட்டால் மூடி ஏதோ ஒன்று இருந்தது. அதை இழுத்தார்.

எம்பிராய்டரி மெஷின்! நான் கடையில் பார்த்த அதே மாதிரி. அதில் பாதி மயில் நின்றது.

மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறதாம். மச்சாள் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவின் மகள் ஆசையாக வாங்கி, இரண்டு துவாய் தைத்துவிட்டு, அலுத்துப்போய்க் கொடுத்ததாம். நாங்கள் கலியாண வீடுகளில் வாய் பிளந்து பார்த்த பூ, கொடி, மாங்காய் எல்லாம் இதில் தைத்ததுதான்.

மச்சாள் அமைதியாகக் கேட்டார்:

“கையாலை தைச்சதெண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? நீர்தானே எழுதினனீர்.”

உண்மைதான். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கலியாண மண்டபத்தில் பிளவுஸைப் பார்த்தேன், வீட்டுக்கு வந்து பத்து விரலிலும் பூப் பூக்க வைத்தேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ‘பத்தியில் வந்த அந்தக் கைவேலை’தான் வேண்டும் என்றார்களாம். இல்லை என்று சொன்னால் எழுதிய நான் பொய்க்காரி ஆகிவிடுவேனே என்று மச்சாள் வாயை மூடிக்கொண்டாராம். அன்றைக்குப் போட்டதுதான் மெஷினுக்குப் பெட்ஷீட்டும், அதன் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டிவியும்.

சரி, விரலில் ஏன் பிளாஸ்டர்?

கலியாணப் பொம்பிளை ஒருத்தியின் தாய், கூறைச் சேலைக்குப் போடுகிற பிளவுஸை மச்சாள் கையால் தைப்பதைக் கலியாண வீடியோவில் போட வேண்டும் என்று, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீடியோக்காரரோடு வருகிறாராம். அதற்காக மூன்று வாரமாக மச்சாள் யூடியூப் பார்த்துக் கையால் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். பழகிய துணியைக் காட்டினார். அதில் ஒரு பூ கோணிக்கொண்டு நின்றது.

என் பத்தியை உண்மையாக்க ஒரு மனுசி மூன்று வாரமாகத் தன் விரலைக் குத்திக்கொண்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. எழுத முதல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அந்தத் தாய்க்கு நானே சொல்கிறேன் என்றேன். மச்சாள் விடவில்லை. அவர் தன்னுடைய வாடிக்கையாளர், தானே சொல்ல வேண்டும் என்று அந்த இடத்திலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தைப்பது மெஷின், கை இல்லை, வேண்டாமென்றால் துணியைத் திருப்பித் தருகிறேன் என்று இரண்டே வசனத்தில் சொல்லி முடித்தார். நாங்கள் இருவரும் பாதி மயிலைப் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தத் தாயின் குரல் வந்தது:

“அப்ப கெதியா முடியும்தானே, அக்கா? சின்னவளுக்கும் ஒண்டு தைக்கலாமோ?”

வீடியோ? மெஷினில் மயில் வளர்வதை எடுத்தால் இன்னும் வடிவாக இருக்கும் என்றாராம் வீடியோக்காரர்.

அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் மெஷினுக்குப் பக்கத்தை விட்டு நான் அசையவில்லை. மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்றாரே கடைக்காரப் பெண்... அந்த நேரத்துக்குள் மச்சாள் இருபது தரமாவது எழுந்திருப்பார். நிறம் மாற்ற வேண்டும் என்று மெஷின் கத்தும். நூல் அறுந்தால் கத்தும். அடிநூல் முடிந்தாலும் கத்தும். துணியை இறுக்கிப் பிடிக்கிற சட்டம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதனால் முதுகுப் பக்கத்து டிசைனை மூன்று துண்டாகத் தைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் துணியைக் கழற்றி நேராகப் பூட்ட வேண்டும். நூலளவு பிசகினால் மயிலுக்குக் கழுத்து முறிந்துவிடும். மெஷினோடு வந்த டிசைன்கள் ரோஜாப்பூவும் கரடிக்குட்டியும். மயிலையும் மாங்காயையும் மச்சாளே வரைந்து, மகனின் லேப்டாப்பில் கிடந்து மாரடித்து, அதற்குப் புரிகிற மாதிரி மாற்றியிருக்கிறார். முடித்து வைத்திருந்த இன்னொரு பிளவுஸில் மூன்று துண்டும் எங்கே சேர்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

இதுவும் கைவேலைதான் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். போன முறையும் இப்படித்தான் ஒரு நல்ல வசனம் வந்தது.

நான் மெஷின் வாங்கவில்லை. வந்த இரண்டு ஆர்டரையும் மச்சாளிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு அது தைப்பதைப் பார்க்கத்தான் ஆசை. அதற்குச் சனிக்கிழமைகளில் மச்சாள் வீடு இருக்கிறது, தேத்தண்ணியும் கிடைக்கும்.

நடந்ததை எழுதிப் பழைய பத்தியைத் திருத்தட்டுமா என்று கேட்டபோது மச்சாள் ஓம் என்றார். ஆனால் இந்தமுறை அனுப்ப முதல் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். நேற்றுப் போனில் முழுவதையும் வாசித்தேன். அந்தப் பக்கம் டிவிச் சத்தம் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் சரி. ஒண்டை மட்டும் விட்டிட்டீர். கல்லு முழுக்க நான் கையாலைதான் வைச்சனான். அதையும் எழுதும்.”

எழுதிவிட்டேன், மச்சாள்.