மொட்டைப் பனையில் புள்ளிக் கழுகு

உபோன்வன் தாய்லாந்தின் பெட்சபுரி சந்தையில் காலையில் பனம்பழ அப்பம் விற்பவள். கடையை எடுத்துவைத்ததும் வயல்வெளிக்குப் போய்விடுவாள். காரின் கண்ணாடியை இறக்கி, விளிம்பில் பயறு நிரப்பிய பையை வைத்து, கேமராவின் நீண்ட லென்ஸை அதன்மேல் சாய்த்துக் காத்திருப்பாள். உட்கார்ந்திருக்கும் வேட்டைப் பறவைகளை மட்டும்தான் படம் எடுப்பாள். பறக்கும்போது பறவைக்கு முகம் இருப்பதில்லை என்பது அவள் கட்சி.

பல குளிர்காலங்களாகத் தூரத்திலேயே நின்றுவிட்ட புள்ளிக் கழுகு, அன்று வரப்போர மொட்டைப் பனையில் கிட்டத்தில் உட்கார்ந்திருந்தது. முகத்தில் நிழல். வெயில் சற்று ஏறினால் போதும். பாதையில் வரிசையாக, அதைப் படமெடுக்க வந்தவர்களின் கார்கள். யாரும் கதவைத் திறக்கக் கூடாது. காருக்குப் பயப்படாத கழுகு, இறங்கி நிற்கும் ஆளைக் கண்டால் பறந்துவிடும்.

கரிச்சான் குருவிகள் தலையில் கொத்தியும் கழுகு நகரவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். உபோன்வனுக்கு அந்த அடக்கம் பிடிக்கவில்லை. லென்ஸில் பார்த்தாள். இடது காலருகே ஒரு இழை மின்னியது. பக்கத்து மீன்குட்டையின் மேல் பறவைகளைத் தடுக்க நைலான் நூல் கட்டியிருந்தார்கள்; அதில் கால் சிக்கியிருக்குமோ?

பின்னால் நின்ற காரில் பிரசோத். போக்குவரத்துப் போலீசாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்குப் போன் செய்து சந்தேகத்தைச் சொன்னாள்.

"வயிறு முட்டத் தின்னுருக்கும்க்கா. நாம மட்டும் தின்னுட்டு ஓடவா செய்றோம்?"

அதுவும் பொருந்தியது. காத்திருந்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் கட்டுண்டிருந்தால், அந்தக் காத்திருப்பே அதைக் கொன்றுவிடும். வெயில் கழுகின் அலகைத் தொட்டபோது அவள் கதவைத் திறந்து இறங்கி வரப்பில் நடந்தாள்.

கழுகு எச்சமிட்டது. முன்சாய்ந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி பறந்து மறைந்தது.

பாங்காக்கிலிருந்து வந்த ஒருவன், "ரொம்ப நன்றிக்கா, வீட்டுல போய்த் தூங்குறேன்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான். மற்றவர்களின் கார்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

காருக்குத் திரும்பி, எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கினாள். காலருகே மின்னியது வெறும் சிலந்தி நூல்.

பிரசோத் எட்டிப் பார்த்தார். "அப்ப தப்புதானே பண்ணிட்டீங்க?"

"தப்புதான்."

அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. முகம் நிழலிலேயே இருந்த அந்தப் படங்கள் எதற்கும் உதவாது. நாளை இவர்கள் தன் காருக்குப் பக்கத்தில் நிற்கத் தயங்குவார்கள் என்பதும் தெரியும். இருந்தும், கழுகு கட்டுண்டிருந்து தன் கணிப்பு சரியாக இருந்திருக்கலாமே என்று மட்டும் அவளால் ஒரு கணமும் ஆசைப்பட முடியவில்லை.