சாமிக்கு வழிவிட்டேன்

பினாங்குக் கப்பலுக்குப் பெட்டி கட்டும்போதுதான் உறைத்தது: சேலத்துக்காரன் நான் சங்ககிரிக் கோட்டையைக்கூடப் பார்த்ததில்லை! ராத்திரி சென்னை ரயிலுக்குள் திரும்பிவிடலாமென்று காலையிலேயே கிளம்பினேன்.

ரயிலில் சங்ககிரி, பஸ்ஸில் திருச்செங்கோடு. எல்லாம் ஓட்டமும் நடையுமாகத்தான். மாலையில் சேலத்துக்குக் கடைசி பஸ். படியில் நின்ற கண்டக்டர், "ஏறுங்க சாமி, ஒரு எடந்தான் இருக்குது!" என்றார்.

எங்கள் கிறிஸ்தவ வீட்டில் சாமி என்றால் பங்குக் குருவானவர்தான். பின்னால் ஒரு சாமி நிற்கிறாராக்கும் என்று பயபக்தியோடு ஒதுங்கினேன். வெற்றிலைக் கூடைக்காரர் ஒருவர் ஏறிக்கொண்டார். பஸ் போய்விட்டது!

ரயில் போனால் கப்பலும் போச்சு. தவித்துக்கொண்டிருந்தபோது ஒரு பருத்தி லாரி நின்றது.

"ஏனுங்க சாமி, எங்க போகோணும்?" என்றார் டிரைவர்.

"நான் சாமி இல்லைங்க. அவசரமா சேலம் போகணும்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"அட, இந்தப் பக்கம் அல்லாருமே சாமிதானுங்க! வெரசா ஏறுங்க."

ஆட்டையாம்பட்டி தாண்டியும் அவர் சிரிப்பு அடங்கவில்லை.

ரயில் கிடைத்துவிட்டது, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முன்பின் தெரியாதவனுக்கும் அவர்கள் தாராளமாகக் கொடுக்கும் சொல்லை நான் ஒருவருக்கு மட்டுமே வைத்திருந்தேன். கப்பலில் பக்கத்துப் படுக்கைக்காரர் யாராக இருந்தாலும் சரி, முதலில் "சாமி" என்று கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.