கைதட்ட வேண்டாம் என்றார் மல்லிகா அக்கா

போன வியாழக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசத்துக்கு வந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னையே உற்று உற்றுப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை.

எனக்குப் புரிந்துவிட்டது. வாசகர்!

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீசையில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்தேன். எந்தக் கட்டுரையைப் பாராட்டப் போகிறார்? அதற்கு எப்படி அடக்கமாகச் சிரிப்பது? எல்லாம் மனசுக்குள் தயார். அவர் எழுந்து வந்தார்.

"அங்கிள், அந்தக் கச்சேரியில ஒரு அக்கா உங்க கையிலேர்ந்து மைக்க வாங்கிட்டாங்களே... அது நீங்கதானே?"

நானேதான்.

இருபது வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். ஊர் என்னை அடையாளம் கண்டுகொண்டது மைக்கைப் பறிகொடுத்தவனாக. அது எப்படி நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

பழைய சினிமாப் பாட்டு ரசிகர்கள் குழு ஒன்றில் நான் உறுப்பினன். வாட்ஸ்அப்பில் பிறந்த குழு. தினமும் காலையில் ஒரு பாட்டு வரும். மத்தியானம்வரை அது எந்த ராகம் என்று சண்டை வரும். சண்டையைத் தொடங்குபவர் பெரும்பாலும் செமினி ஊர்க்காரர் குணசீலன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் பாடினாலும் எங்கே சறுக்கியது என்று சொல்லிவிடுவார். முகத்துக்கு நேராகவே சொல்வார். அதனால் அவரைக் கண்டால் எங்கள் பாடகர்கள் தூண் மறைவைத் தேடுவார்கள்.

குழுவின் தலைவர் ராஜமோகன். கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பகலில் கிளட்ச் பிளேட், ஞாயிற்றுக்கிழமைகளில் கீபோர்டு. இரண்டையும் ஒரே கவனத்தோடு தொடுவார்.

அவர்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். கிள்ளானில் நம்மவர்கள் நடத்தும் டயாலிசிஸ் மையம் ஒன்று. தெலுக் பங்லிமா காராங் பக்கத்திலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்த வேன் செத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை வந்தாக வேண்டும். வாடகைக் காருக்குக் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

கச்சேரி வைத்து வேன் வாங்கிக் கொடுப்போம் என்று முடிவானது. உடனே நான் கை தூக்கினேன். வேனுக்காகத்தான் என்று நினைக்கிறீர்களா? ஒரு டூயட் பாட ஆசை.

ராஜமோகன் இரண்டு வரி பாடச் சொன்னார். கேட்டார். கீபோர்டை மெதுவாக அணைத்தார். "அண்ணே, உங்க குரலுக்குப் பேச்சுதான் பொருத்தம்" என்றார்.

அப்படித்தான் நான் அறிவிப்பாளர் ஆனேன்.

அறிவிப்பாளருக்கு இன்னொரு வேலையும் தந்தார்கள். மையத்துக்குப் போய் ஒரு சின்ன வீடியோ எடுத்து வர வேண்டும். டிக்கெட் விற்க உதவும். நான் எழுத்தாளனாயிற்றே... பார்ப்பவர்கள் கண்ணீர் விட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போனேன்.

அங்கேதான் மல்லிகா அக்காவைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது. கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். உடம்பு ஒத்துழைக்காததால் நின்றுவிட்டார். கையில் இரண்டு ஊசி, பக்கத்தில் இயந்திரம், நான்கு மணி நேரப் படுக்கை. கைபேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இப்படிப் படுத்திருக்கும்போது மனசுல என்னக்கா ஓடும்?"

"மத்தியானம் என்ன சமைக்கலாம்னு ஓடும்."

நான் விடவில்லை. வாழ்க்கையே இருண்டுபோனதுபோல் தோன்றியதுண்டா என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் அழுவேன்னு பாக்குறீங்களா? வேணும்னா நீங்க அழுங்க. நான் வீடியோ எடுக்குறேன்."

கைபேசியை உள்ளே வைத்தேன்.

கிளம்பும்போது அவர்தான் கூப்பிட்டார். கச்சேரி என்கிறீர்களே, என்ன மாதிரி பாட்டு என்று விசாரித்தார். சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை பூலோவில் ஓர் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நானும் பெரிய மனசோடு, "அப்படியா, ஒரு வரி பாடுங்களேன்" என்றேன். சின்னப் பிள்ளையிடம் பாப்பா பாட்டு கேட்கிற தோரணையில்.

பாடினார். சத்தமாகக்கூட இல்லை. அந்த வரி முடிவதற்குள் மருந்து எடுத்துக்கொண்டு போன தாதி அப்படியே நின்றுவிட்டார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன் என்று பிறகு அக்கா எல்லாரிடமும் சொன்னார். மறுக்க முடியவில்லை.

அன்றைக்கே ராஜமோகனுக்கு போன் செய்தேன். அடுத்த ஞாயிறு அக்கா ஒத்திகைக்கு வந்தார். ராஜமோகன் கடையின் மேல்மாடி, ஒரு பக்கம் டயர் வாசம், ஒரு பக்கம் தபேலா. ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் அவருக்குத் தொண்டை வறண்டது. நான் ஓடிப்போய் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "குடிங்கக்கா, நிறையக் குடிங்க."

அக்காவோடு வந்திருந்த அவர் மகள் பாட்டிலைப் பாதியிலேயே தடுத்து வாங்கினாள். டயாலிசிஸ் நோயாளிகள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டுமாம். நாள் முழுக்கவே இரண்டு மூன்று கிளாஸ்தான். நான் நீட்டியது அவருடைய மூன்று நாள் தண்ணீர். வேன் வாங்கித் தருவதற்கு முன்பே ஆளைக் கொன்றிருப்பேன் போலிருக்கிறது. அக்கா பையிலிருந்து சின்ன ஃபிளாஸ்கை எடுத்து, ஓர் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது கரையும்வரை காத்திருந்து அடுத்த சரணத்தைத் தொடங்கினார்.

ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடையில என்னை நோயாளின்னு சொல்லாதீங்க தம்பி. பேரு மட்டும் போதும்."

ஏன் என்று கேட்டேன். சொன்னால் கூட்டம் உருகும், வேனுக்கும் நல்லது என்பது என் கணக்கு.

"நோயாளி பாடுறாள்னு தெரிஞ்சா எப்படிப் பாடினாலும் தட்டுவாங்க. எனக்கு அது வேணாம். நல்லா பாடினா தட்டட்டும். இல்லாட்டி சும்மா இருக்கட்டும்."

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். தலையில் கைவைத்துச் சொன்னேன். என் தலையில்தான்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூர் மழை தெரியுமே... வந்துகொண்டிருந்தவர்கள் வழியிலேயே நின்றுபோனார்கள். மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. ஏர்கானும் மக்கர். ஒவ்வொரு நாற்காலியிலும் நன்கொடை உறை வைத்திருந்தோம். மக்கள் அதை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

குணசீலனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தது என் யோசனை. அவர் வாய்க்கும் மேடைக்கும் நடுவில் இருபது வரிசையாவது இருக்கட்டும் என்று.

இடைவேளைக்குப் பிறகு அக்காவின் பாட்டு. நான் மைக்கோடு மேடையில் நிற்கிறேன். கீழே ஒரு குடும்பம் எழுந்து வாசலுக்குப் போகிறது. இன்னொருவர் கார் சாவியைத் தேடுகிறார். உறைகள் இன்னமும் விசிறிகளாகவே இருக்கின்றன. ராஜமோகன் முகத்தில் கவலை. இப்படியே போனால் வேனுக்கு ஒரு டயர்தான் தேறும்.

பேரை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். "அடுத்து மல்லிகா."

சொன்னேனா?

"அடுத்துப் பாட வருபவர்..." என்று தொடங்கியவன் நிறுத்தவில்லை. ஊசி, இயந்திரம், நான்கு மணி நேரம், வேன், வறண்ட தொண்டை... எல்லாவற்றையும் கொட்டினேன். வேனுக்காகத்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் மண்டபம் அமைதியானபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள்... அது வேனுக்கான சந்தோஷம் இல்லை. என் பேச்சு எடுபடுகிறது என்கிற சந்தோஷம். கடைசியில் என் குரல் தழுதழுத்தது. என் பேச்சைக் கேட்டு நானே அழுதுவிட்டேன். வாசல்வரை போன குடும்பம் திரும்பி வந்து உட்கார்ந்தது.

திரும்பிப் பார்த்தால் அக்கா பக்கத்தில் நிற்கிறார். நீலப் பட்டுப்புடவை. ஊசி போடும் கையை முந்தானையால் மூடியிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். பறித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை, வாங்கினார். நான்தான் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தேன்.

"இவரு சொன்னதெல்லாம் உண்மை. சொல்ல வேணாம்னு கேட்டிருந்தேன், சொல்லிட்டாரு. பரவால்ல. உறையில போடுறத வேனுக்காகப் போடுங்க. ஆனா என் பாட்டுக்குப் பாவம் பாத்து யாரும் கைதட்ட வேணாம்."

பாடினார்.

பல்லவி எங்கோ கொண்டுபோனது. முதல் சரணமும் அப்படித்தான். இரண்டாவது சரணத்தில் நீளமான ஓர் இழுப்பு. அங்கே மூச்சு பாதியில் அறுந்தது. ராஜமோகன் கீபோர்டில் இன்னொரு சுற்று வாசித்து இடம் கொடுத்தார். அக்கா மறுபடி பிடித்துக்கொண்டு பாட்டை முடித்தார்.

முடிந்ததும்... நிசப்தம்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டினால் பாவம் பார்த்ததாகிவிடும். தட்டாவிட்டால் பாட்டு பிடிக்கவில்லை என்றாகிவிடும். அத்தனை பேர் கையும் மடியில் கிடந்தது. அந்தத் தர்மசங்கடத்தை உண்டாக்கிய நானோ மேடை ஓரத்தில், திரைச்சீலைக்குள் போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

கடைசி வரிசையில் ஓர் உருவம் எழுந்தது. குணசீலன்.

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தால்தானே?

"ரெண்டாவது சரணத்துல அந்த இழுப்பு நிக்கலம்மா" என்றார். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. "சுருதி சுத்தமா இருக்கு. மூச்சை ஒரு சொல் முன்னாடியே எடுக்கணும். உக்காந்து பாடுங்க, வரும். மறுபடி ஒரு தடவ பாடுங்க."

முன்வரிசையில் யாரோ அவரை அதட்டினார்கள். ஒரு நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று ஓர் அம்மா கோபப்பட்டார். ஆனால் அக்காவின் முகம் மாறிவிட்டது. அன்று மேடையேறியதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். அவரைப் பாடகியாக நினைத்துப் பேசிய முதல் ஆள் குணசீலன்தான்.

நாற்காலி கேட்டார். கொண்டுபோய் வைத்தேன். அந்த மேடையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. ஐஸ் துண்டு கரைய ஒரு நிமிஷம். மண்டபமே அதற்காகக் காத்திருந்தது. பிறகு உட்கார்ந்தபடி அதே பாட்டை மறுபடி தொடங்கினார்.

இரண்டாவது சரணம் வந்தது. குணசீலன் சொன்னபடி ஒரு சொல் முன்னதாகவே மூச்சை எடுத்தார். இழுப்பு போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது. அது முடிகிற இடத்தில் கைதட்டல் பாட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது. யாரும் யோசித்துத் தட்டவில்லை. தாங்க முடியாமல் தட்டினார்கள். குணசீலன் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

உறைகள் நிரம்பின. புது வேனுக்கு எட்டவில்லை. ஆனால் ராஜமோகனின் வாடிக்கையாளர் ஒருவர் நல்ல நிலையில் இருந்த பழைய வேனைக் குறைத்துக் கொடுத்தார். என் கண்ணீரால் வந்தது எவ்வளவு, அக்காவின் இழுப்பால் வந்தது எவ்வளவு? எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கேட்க மையத்துக்குப் போனேன். வெறுங்கையோடு போகலாமா? பெரிய பழக்கூடை. வாழைப்பழம், ஆரஞ்சு, நட்சத்திரப் பழம். தாதி வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார். டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாத பழங்களாகப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறேனாம். நட்சத்திரப் பழம் விஷமே ஆகிவிடுமாம். தண்ணீரில் தப்பியவரைப் பழத்தால் முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை குரல் தழுதழுக்காமல் பார்த்துக்கொண்டேன்.

அவர் உடனே மன்னிக்கவில்லை. கொடுத்த வாக்கை எதற்கு மீறினீர்கள் என்று நேராகக் கேட்டார். வேனுக்காக என்று சொல்ல வாய் வந்தது. பிறகு உண்மையைச் சொன்னேன். கூட்டம் என் பேச்சைக் கேட்டு அமைதியானது பிடித்துப்போயிற்று என்றேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கிளம்பப் போனேன்.

"லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

வேன் வரப்போகிறது, சனிக்கிழமைகளுக்கு டிரைவர் இல்லை.

இப்போது சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் நிற்கிறேன். ஆறு பேர் ஏறுகிறார்கள். முதல் வாரம் ஊக்கம் தரும் விதமாக நாலு வார்த்தை பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். பின்சீட்டிலிருந்து ஒருவர், ரோட்டைப் பார்த்து ஓட்டுமாறு கேட்டுக்கொண்டார். மற்ற ஐவரும் அதை ஆமோதித்தார்கள்.

இந்தக் கதையை எழுதலாமா என்று சென்ற சனிக்கிழமை வேனில் அக்காவிடமே கேட்டேன். மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் உளறக்கூடாதல்லவா? பேரை மாற்றச் சொன்னார். மல்லிகா என்ற பேரை அவரேதான் தேர்ந்தெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"எழுதுங்க தம்பி. ஆனா யாரையாவது பாவமா காட்டித்தான் எழுதணும்னா, உங்களையே காட்டுங்க லா."

காட்டிவிட்டேன், அக்கா.