வசந்தகுமாரின் கைப்பிடி

மராத்தி ஊரான ஏரவாடாவின் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணமோ சாவோ, முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள். அடுத்தது ஆரோக்கியசாமிக்கு. 1993-இல் தோளில் தூக்கிவைத்து எடுக்கும் பெரிய வீடியோ கேமராவை வாங்கியதிலிருந்து இந்த மரியாதை அவருக்கு உண்டு. அவர் கோயிலுக்குள் நடந்தால் கூட்டம் தானாக விலகும். தாலி கட்டப்போகும் மாப்பிள்ளை கூட அவர் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வான்.

சாவு வீட்டில் இன்னும் அதிகம். வேலூர்ப் பக்கமிருந்து ரயிலேறி வர நேரமில்லாதவர்களுக்கும், குவைத்தில் லீவு கிடைக்காதவர்களுக்கும் அந்த கேசட்தான் கடைசி முகதரிசனம். பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் நெற்றியில் முத்தமிடுவார்கள். அப்போது ஆரோக்கியசாமி, "ஒரு நிமிஷம்" என்பார். அவர் சரியான இடத்துக்கு வந்து நிற்கும்வரை மூடி அந்தரத்தில் காத்திருக்கும்.

வசந்தகுமாரும் அவரும் கேம்ப் கடைத்தெருவில் ஒரே ஸ்டுடியோவில், ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வசந்தகுமார் பத்து வருடம் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். 2002-இல் திடீரென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹேண்டிகேமோடு வந்து நின்றார்.

"இன்னாடா இது, சோப்பு டப்பா?" என்று ஆரோக்கியசாமி கேட்டதில் எல்லாரும் சிரித்தார்கள். வசந்தகுமாரும் சிரித்தார். எடுத்த முதல் கல்யாணம் நடுநடுங்கி வந்தது. கேமராவுக்கு எடையே இல்லை, கை ஆடுவதெல்லாம் படத்திலும் ஆடியது. பார்த்த பெண்வீட்டுக்காரர், "அண்ணே, பூகம்பத்துல எடுத்தியா?" என்று கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று ஆரோக்கியசாமி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

பிறகு வசந்தகுமார் ஹடப்சரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் அந்தப் பிடியைச் செய்துகொண்டு வந்தார். அலுமினியப் பட்டையை 'ப' போல வளைத்து, அதைப் பக்கவாட்டில் சாய்த்த மாதிரி இருக்கும். கீழ்த்தட்டில் கேமராவைத் திருகிவிட வேண்டும். மேல்பட்டையில் ஸ்கூட்டர் ஹேண்டிலின் ரப்பர் உறை. தூக்குவாளியைப் பிடிப்பது போல மேலே பிடித்துக்கொண்டு நடந்தால் கேமரா கீழே முழங்கால் உயரத்தில் தொங்கியபடி வரும். அவ்வளவுதான் விஷயம்.

ரீனா என்ற பெண்ணின் கல்யாணத்தில் அவள் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நடந்ததை வசந்தகுமார் அந்தப் பிடியோடு பின்னாலேயே போய் எடுத்தார். கவுனின் விளிம்பு தரையில் வழுக்கிக்கொண்டே போனது. ஒரு குலுக்கல் இல்லை. "தண்ணி மேல போற மாதிரி கீது" என்றார்கள். ஆரோக்கியசாமி அந்த கேசட்டை இரவல் வாங்கிவந்து மூன்றுமுறை பார்த்தார்.

"போதுங்க, தேஞ்சிடப்போவுது" என்றாள் மனைவி ஜோசபின்.

"வெளிச்சம் சரியில்ல" என்றார் அவர்.

மறுவாரம் அவள் சந்தையிலிருந்து திரும்பியபோது, அவர் சொம்பு நிறையத் தண்ணீரைக் கையில் தொங்கவிட்டபடி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"யாருக்குங்க இந்த ஊர்வலம்?"

"தாகம்."

"தாகம்னா குடிக்கணும்."

தரையில் சொட்டுச்சொட்டாக அவர் நடந்த வழி ஈரமாகக் கிடந்தது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். அந்த வருடம் நான்கு கல்யாணங்கள் அவர் கையைவிட்டு வசந்தகுமாரிடம் போயிருந்தன. ஆனால் அவரைத் தின்றது அந்தக் கல்யாணங்கள் அல்ல. நாலு கிலோ கேமராவைத் தூக்கித் தூக்கி இடது பக்கம் சாய்ந்துபோன தோளோடு அவர் செய்ததை, இன்னொருவன் வாளி தூக்குவது போலத் தூக்கிச் செய்துவிட்டான். அதுதான்.

2003 ஜூலையில் வசந்தகுமாரின் அம்மா இறந்துபோனார். தங்கை ஜெனிபர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வசந்தகுமார் ஆரோக்கியசாமியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நானே எடுக்க முடியாதுடா. நீ எடு. ஜெனிபருக்கு அனுப்பணும். அம்மா மூஞ்சிய அவ பாக்கணும். வேற எதுவும் வேணாம்."

"வரேன்டா" என்றார் ஆரோக்கியசாமி. பெரிய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனார். ஆனால் சாவு வீட்டில், அலமாரியின் மேல், அந்தப் பிடி கேமராவோடு இருந்தது. அவர் கண் அதை முதலில் பார்த்தது. பெட்டியைப் பிறகுதான் பார்த்தது.

"சந்து சின்னது. உன்னோடதுலயே எடுத்துடறேனே?"

வசந்தகுமார் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுலயோ எடு."

ரப்பர் உறை உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. நடந்து பார்த்தார். உண்மையிலேயே ஆடவில்லை. ஒரு சாவு வீட்டில் அடையக்கூடாத சந்தோஷத்தை அவர் அடைந்தார்.

பெரிய கேமராவில் பொத்தானை அமுக்கினால் உள்ளே கேசட் கடக்கென்று பிடிப்பது காதில் விழும். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி தெரியும். இதில் சத்தமே இல்லை. முழங்காலருகே தொங்கிய சின்னத் திரை வெளிச்சத்தில் வெளுத்துக் கிடந்தது. திருகாணியை இறுக்கும்போதே அவர் கை பொத்தானில் பட்டு கேமரா ஓடத் தொடங்கிவிட்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஆகவே, எடுப்பதாக நினைத்து அமுக்கியபோதெல்லாம் நிறுத்தினார். நிறுத்துவதாக நினைத்து அமுக்கியபோதெல்லாம் ஓடவிட்டார்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. "ஒரு நிமிஷம்" என்றார். மூடி காத்திருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, வாழ்க்கையில் எடுத்ததிலேயே சீரான ஒரு நகர்வை எடுத்தார். ஒன்றும் பதிவாகவில்லை.

மறுநாள் காலை அந்த கேமராவையே வீட்டு டிவியில் மாட்டிப் பார்த்தபோது சாக்கடை வந்தது. சேலை ஓரங்கள் வந்தன. ஆட்டோ சக்கரம் வந்தது. எல்லாம் ஆடாமல் வழுக்கி வழுக்கி வந்தன. முகம் மட்டும் இல்லை. ஜோசபின் டிவியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கேமராவோடு வசந்தகுமாரின் வீட்டுக்கு நடந்தார்.

"அம்மா மூஞ்சி வரலடா" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். "பொத்தான் மாறிப்போச்சு. என்னோடதுல எடுத்திருக்கலாம். எனக்கு உன் பிடிய வச்சிப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான்."

வசந்தகுமார் கேசட்டை வாங்கிப் போட்டார். சாக்கடை, சேலை, சக்கரம். பிறகு வாசலில் குவிந்துகிடந்த செருப்புகள். ஆரோக்கியசாமி கேமராவைத் தொங்கவிட்டபடி யாருக்காகவோ காத்து நின்ற நேரம் அது. திரைக்குள் இரண்டு கைகள் வந்தன. குவியலில் தேடி, பட்டை அறுந்து பின் குத்தியிருந்த ஒரு பழைய செருப்பு ஜோடியை எடுத்தன. ஒன்றோடொன்று தட்டித் தூசியை உதறின. பிறகு வீட்டுக்குள், திறந்த கதவு வழியே தெரிந்த கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்தன. அவை வசந்தகுமாரின் கைகள். தான் அப்படிச் செய்தது அவருக்கே ஞாபகமில்லை.

அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "நல்லா ஸ்டெடியா கீதுடா" என்றார்.

திட்டா, பாராட்டா, ஆரோக்கியசாமிக்குத் தெரியவில்லை. ஆனால் நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் பின்னால் தன்னை அதிகம் நொந்துகொண்டது.

அப்போது போன் அடித்தது. ஜெனிபர். அவள் அழுகை அறை முழுக்கக் கேட்டது. வசந்தகுமார் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இல்லமா... மூஞ்சி வரல. என் கேமராதான் ரிப்பேர். பழைய கேசட்டப் போட்டிருந்தேன், என் தப்பு. ஆரோக்கியம் அண்ணன் நல்லாத்தான் எடுத்தாரு... கேசட்டுல அம்மா செருப்பு இருக்குது, அத அனுப்பறேன். பாரு."

அவர் குரல் எங்கும் ஆடவில்லை.

இதை ஆரோக்கியசாமி இருந்தவரை ஜோசபினைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். "நானா இருந்தா அன்னிக்கு அவன் பேரச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "அதுலயும் அவன்தான் ஜெயிச்சான்" என்றார். அவர் முகத்தில் அப்போதும் பொறாமைதான் இருந்தது என்று அவள் சொல்கிறாள்.