அமிர்தம் அத்தை வீட்டில் ஐஸ் உறையவில்லை

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் கரும்பு வெட்டாத கை குறைவு. எங்கள் தெரு அமிர்தம் அத்தை வெட்டுவதோடு நிற்கமாட்டார். கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் ஏறி லாரியிலும் போடுவார். மாமா இறந்ததிலிருந்து அதுதான் பிழைப்பு. போன வருடம் வலது தோள் விட்டுப்போனது. இனி பாரம் தூக்கினால் கை ஒரேயடியாக விழுந்துவிடும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை ஆடுகளை விற்று, வீடு மாறிப் போகிற ஒருவரிடம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு அவருடையது. கவரில் அடைத்த பால் ஐஸ், சேமியா ஐஸ் என்று வியாபாரம் ஆரம்பமானது. கரும்பு வெட்ட ஆள் சேர்க்கிற மேஸ்திரி கலையரசன் வந்தபோது அத்தை அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்.

"நான் வரல மேஸ்திரி. இனிமே குந்திக்கினே சம்பாரிக்கப் போறன்."

"இன்னாக்கா, ஐஸ் வித்து மாடி கட்டப் போறியா?"

"கட்டுனா வந்து பாரு. ஒனக்கு ஒரு ஐஸ் சும்மாவே தரேன்."

மாசி வரைக்கும் நன்றாகத்தான் போனது. பங்குனி வெயில் ஏறுகிற நேரத்தில் ஐஸ் உறையாமல் போயிற்று.

தெருவில் கரன்ட்டில் ஓடுகிற எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்து இயற்பியல் படித்தவன் நான். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த மிடுக்கோடுதான் போனேன்.

உள்ளே விளக்கு எரிந்தது. மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெபிலைசர் முள்ளும் சரியாக நின்றது. குளிர்ச்சியைக் கூட்டுகிற குமிழை ஏற்கெனவே கடைசிவரை திருகி வைத்திருந்தார். கதவு ரப்பரில் காலண்டர் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. சுவரோடு ஒட்டியிருந்த பெட்டியை முன்னால் இழுத்து, பின்புறக் கம்பிகளில் அடை அடையாக இருந்த தூசியைத் துடைத்தேன். "நாளைக்குக் காலைல வரைக்கும் கதவத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலையில் கவரெல்லாம் தொளதொளவென்று கிடந்தன. பால் புளித்திருந்தது.

"இத்தினி வருசம் படிச்சியே ஆகாசு, ஒரு பொட்டிய ஜில்லுனு வெக்கத் தெரியலியா?"

"டாக்டரு கணக்கா பாத்துக்கினு இருக்கேன். செத்த சும்மா இருங்க அத்த."

ஐஸ் உறைகிற மேலறையை டார்ச் அடித்துப் பார்த்தேன். பொட்டுப் பனி இல்லை. மூலையில் தகட்டில் வரிவரியாகக் கீறல். ஒரு கீறலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு.

"இது இன்னா அத்த, கீறலு?"

"பனி மலையாட்டம் கட்டிக்கிச்சி. கவரு ஒட்டிக்கினு வரவே இல்ல. அதான் சொரண்டுனன்."

"எத்தால?"

அத்தை அடுப்படிக்குப் போய், கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துவந்தார்.

"அப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சி. உள்ள அடைஞ்ச காத்து போவுதுன்னு நெனச்சன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தகட்டுக்குள் ஓடுகிற கேஸ்தான் குளிர்ச்சி. நான் சொல்லாமலே அத்தைக்கும் புரிந்தது. கத்தியை என்னிடம் நீட்டினார்.

"இத்த என் கண்ணுல படாத எடத்துல சொருவு."

கூரை இறவாணத்தில் உயரமான இடமாகப் பார்த்துச் செருகினேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக் தௌசிப்பை அழைத்துவந்தேன். கீறலைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"ஒட்டிக் கேஸ் ஏத்துறேன்மா. ஆனா இந்தத் தகட்டுல ஒட்டு நிக்காது. புதுத் தகடு இந்தப் பொட்டிக்கு வர்றதும் இல்ல."

"நிக்கும் தம்பி. நீ ஒட்டு."

ஒட்டினார். மறுநாள் ஐஸ் கல்லாக உறைந்தது. மதிய மணி அடித்ததும் பிள்ளைகள் சாலையைக் கடந்து ஓடிவந்தார்கள். அத்தை எனக்கும் ஒன்று கொடுத்தார். "படிச்ச புள்ள கை வெச்சா சும்மாவா?" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னார். சரிசெய்தது நான் இல்லை என்று திருத்த மனம் வரவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் கவர்கள் மறுபடியும் தொளதொளத்தன. தௌசிப்புக்கு போன் போட்டேன். "சொன்னேனே தம்பி, இனிமே வந்தும் பிரயோஜனம் இல்ல" என்றார். நானும் காலண்டர் தாள், குமிழ், பின்புறக் கம்பி என்று ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். அவற்றில் கோளாறு எதுவும் இல்லையென்று தெரிந்தேதான் பார்த்தேன். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரே பிளக்கைப் பிடுங்கினார்.

கரும்பு இன்னும் காட்டில் நின்றது. வெட்ட ஆள் பற்றவில்லை. கலையரசன் வண்டியை வாசலில் நிறுத்தினார். இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

"காலைல வண்டி வரும்க்கா. வெட்டுனா மட்டும் போதும், தூக்க வேணாம்."

தூக்காமல் இருக்க யாரும் விடமாட்டார்கள் என்பது மூன்று பேருக்குமே தெரியும். அத்தை தலையாட்டினார்.

விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது; கீழ்த்தட்டில் ரேஷன் அரிசி, மேலே மடித்த புடவைகள்.

"இதுக்குள்ள எலி பூராது பாரு" என்றார்.

கையை மேலே தூக்கிப் பார்த்தார். தோள்மட்டத்துக்கு மேல் போகவில்லை.

"அந்தக் கத்திய எடுத்துக் குடு ஆகாசு. எனக்கு எட்டல."

எடுத்துக் கொடுத்தேன்.